எந்த நாட்டிற்குச் சென்று படிப்பது?

மும்பை மாதுங்காவிலும், தில்லி கரோல்பாகிலும், கொல்கத்தாவின் தென்பகுதியிலும், ஜாம்ஷெட்பூர், பிலாய் முதலிய தொழில் நகரங்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகனோ மகளோ கல்லூரிப் படிப்பின் இறுதி ஆண்டை எட்டியதும் ஒரு கேள்வி எழுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. மேற்படிப்புக்கு எந்த நாடு செல்வது என்பதே அக்கேள்வி. அடுத்த வீட்டுப் பையன் அமெரிக்காவிற்குச் சென்றான் என்பார் ஒருவர். கனடாவில் மாமா இருக்கிறார், அங்கே போனால் துணையிருக்கும் என்பார் மற்றொருவர். ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லையாமே என்பார் மூன்றாமவர். நாட்டின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அந்நாட்டில் என்ன படிக்கலாம் என்று தேடுவதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறையாக இருக்கிறது.

இம்முறை தலைகீழானது என்பது நம் கருத்து. நாட்டைப் பற்றிய கேள்வி முதலில் வரவேண்டியதன்று, இறுதியில் வரவேண்டியது. அதற்கு முன்னே விடை காணவேண்டிய கேள்விகள் நான்கு உள்ளன. எதைப் படிப்பது, யார் செலவில் படிப்பது, அந்நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது, திரும்பி வந்தால் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்பனவே அவை. இந்நான்கிற்கும் நேர்மையாக விடை கண்டுவிட்டால், நாடு எது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். காணாமல் புறப்பட்டால், பெற்றோரின் முப்பதாண்டுச் சேமிப்பும் குடியிருக்கும் வீடும் பணயமாகிவிடக் கூடும்.

முதற்கேள்விக்கு விளக்கமாக அமைந்த ஒரு வாழ்க்கையை நினைவு கூர்வோம். வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், தமிழகத்திற்கு வெளியே உத்தியோகம் பார்த்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றியபோது, 1910-ஆம் ஆண்டில் லாகூரில் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை, கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஃபவுலர் ஏற்று, 1929-இல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெறச் செய்தார். சந்திரசேகர் ஈடுபட்டிருந்த அதே ஆராய்ச்சித் துறையில் ஃபவுலர் முன்னணியில் நின்றவர். அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்து 1930-இல் கப்பலேறியபோது, சந்திரசேகர் நாடிச் சென்றது இங்கிலாந்து என்ற நாட்டை மட்டுமன்று. அங்கிருந்த அந்த ஆசிரியரையுமாகும். 1983-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆராய்ச்சிக்கு வித்து அந்தக் கடற்பயணத்திலேயே விழுந்தது. பாடம் முதலில், ஆசிரியர் அடுத்து, நாடு அதன் பின் என்ற வரிசை அவர் வாழ்வில் அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

எல்லா மாணவரும் சந்திரசேகர் ஆகிவிட முடியாது என்பது மெய்யே. ஆயினும் அந்த வரிசை யாவர்க்கும் பொருந்தும். ஏனெனில், எந்த நிலையில் என்ன படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே நாடு மலிவானதாகவும் ஆகும். எட்டாத விலையுள்ளதாகவும் ஆகும். அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே இயற்பியல், வேதியியல், பொறியியல் போன்ற துறைகளில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ளப்படும் மாணவர்க்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகிறது. கீழ்வகுப்புகளுக்குக் கற்பித்தும் ஆய்வில் உதவியும் மாதந்தோறும் ஊதியமும் பெறலாம். அதே பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்திற்குச் செல்பவர் பெரும்பாலும் கைப்பொருள் கொண்டோ கடன் பட்டோ படிக்கவேண்டியவராகிறார். ஆகவே, அமெரிக்கா செலவு மிகுந்த நாடு என்பது பாதி உண்மை மட்டுமே.

ஜெர்மனியின் நிலையும் அவ்வாறே. நம் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள கல்வித் தொடர்பு பழையது. சென்னை ஐ.ஐ.டி., 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நிறுவப்பட்டது என்பதைப் பலர் அறிவர். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அயல்நாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. எனினும் இதற்கு விலக்குகள் உள்ளன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ பெற்று வருகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் அத்தகையோர்க்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. மேலும், முதுநிலைப் படிப்புகள் பல அங்கே ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. இளநிலைப் படிப்புகளோ பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் மாணவர், மொழிப்பயிற்சி பெற்று, தேவைப்படின் ஓராண்டு ஆயத்தப் படிப்பும் முடித்த பின்னரே இளநிலைக்குள் நுழைய இயலும். பொறியியல் முதுநிலைக்கு ஜெர்மனி தக்கது என்று ஒருவர் கூறக்கேட்டு, பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளையை அங்கே அனுப்ப முற்படுதல் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி பணம். இங்கே நாம் நினைவிற் கொள்ளத்தக்கவர் டாக்டர் அம்பேத்கர். பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தில் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், 1916-இல் லண்டனுக்குச் சென்று பொருளாதாரப் படிப்பையும் சட்டப் படிப்பையும் தொடங்கினார். உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப நேர்ந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, பிறர் உதவியும் பெற்று, 1920-இல் மீண்டும் லண்டன் சென்றே அப்படிப்பை முடித்தார். அத்தகைய பேரறிஞர்க்கே பணம் தீர்ந்தபோது படிப்பு நின்றது. முதலாண்டுக் கட்டணம் கையில் இருக்கிறது, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிவது எத்துணை இடர் நிறைந்தது என்பதை இதனால் உணரலாம்.

கட்டணம் ஒன்றே செலவன்று. ஜெர்மனிக்கு விசா பெற வேண்டுமாயின், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கெனக் குறிப்பிட்ட தொகையை முன்னதாகவே ஒரு தனிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என வகுக்கப்பட்டது. மாதந்தோறும் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கையே எடுக்கலாம். யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் எனக் கொண்டால், அது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயாகிறது. கட்டணமில்லாக் கல்வி என்று சொல்லப்படும் நாட்டிற்கே இவ்வளவு கையிருப்பு வேண்டும். பிரிட்டனில் மாணவர் விசாவிற்கு மருத்துவ வரியாக மட்டும் ஆண்டுக்கு 776 பவுண்டு 2024 முதல் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 டாலராகவும், அடுத்த ஆண்டில் 2,000 டாலராகவும் உயர்ந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் இக்கட்டணம் பொதுவாகத் திரும்பி வருவதில்லை.

கடன் வாங்குவோர் ஒரு கணக்கைத் தாளில் எழுதிப் பார்ப்பது நலம். 40 லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் பெற்று, பத்தாண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 52,900 ரூபாயாகும். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டி இதில் சேரவில்லை. இதே வட்டியில் 15 லட்சம் ரூபாய்க் கடனாயின் தவணை 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வேலைக்குப் புதிதாகச் சேரும் ஓர் இளைஞர், இந்தியாவில் பெறும் சம்பளத்திலிருந்து இவ்விரண்டில் எதைக் கட்ட இயலும்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய சமயத்திற்கே பொருந்தும்.

அங்கே பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்பார் உண்டு. அந்த வேலைக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ஜெர்மனியில் 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை மாணவர் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், படிப்பு நடைபெறும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. அமெரிக்காவில் வகுப்பு நடைபெறும் காலத்தில் வாரத்திற்கு இருபது மணி நேரம், அதுவும் பொதுவாகக் கல்வி நிலையத்தின் வளாகத்திற்குள்ளேயே வேலை செய்யலாம். இவ்வருவாய் உணவுக்கும் பேருந்துக்கும் துணை செய்யுமேயன்றிக் கல்விக் கட்டணத்தைச் சுமக்க வல்லதன்று.

மூன்றாவது கேள்வி சட்டம். இதனை நாம் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஏனெனில் குடும்பங்கள் பெரிதும் ஏமாற்றமடைவது இவ்விடத்திலேதான். படிப்பு முடிந்தபின் அந்நாட்டில் சில ஆண்டுகள் தங்கி வேலை செய்யலாம் என்ற விதியை நம்பியே பலர் கடன் வாங்குகின்றனர். அவ்விதி நிலையானதா? பிரிட்டனின் வரலாற்றைப் பார்ப்போம். படிப்புக்குப் பின் வேலை செய்ய இடமளித்த விசா அங்கே 2012 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில், இரண்டாண்டு அனுமதியாக அது மீண்டும் வந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போரில், டாக்டர் பட்டம் பெற்றவர் நீங்கலாக மற்றவர்க்கு, அக்காலம் பதினெட்டு மாதமாகக் குறையும் என்று 2025-இல் விதி வகுக்கப்பட்டது. ஆராய்ச்சி மாணவர் அல்லாதார் தம் மனைவியையோ கணவரையோ உடன் அழைத்துச் செல்லும் உரிமையும் 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது.

கனடாவில் மாணவர் அனுமதிகளின் எண்ணிக்கைக்கு 2024-இல் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தனி மாணவர் ஒருவர், கட்டணம் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக அதே ஆண்டு உயர்ந்தது. 2025 செப்டம்பரில் 22,895 டாலராயிற்று. அமெரிக்காவில் பட்டம் பெற்றபின் ஓராண்டும், அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதத் துறையினர்க்கு மேலும் இரண்டாண்டும் வேலைப் பயிற்சிக்கென இடமளிக்கும் ஏற்பாடு உண்டு. அதன் பிறகு வேலையில் நீடிக்கப் பலரும் நாடும் எச்-1பி விசாவிற்கு, ஆண்டு உச்சவரம்பு 85,000 மட்டுமே. விண்ணப்பங்கள் மிகுவதால் குலுக்கலில் பெயர் வரவேண்டும். 2025 செப்டம்பரில், அந்நாட்டிற்கு வெளியே இருப்போருக்காகத் தரப்படும் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் மேலாக, அமெரிக்க மாணவர் விசா கேட்பவர், படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பும் நோக்கமுடையவர் என்று தூதரக அதிகாரிக்கு மெய்ப்பிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் மாணவர் திரும்பிப் போகவேண்டியவரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இவ்விவரங்களை ஆண்டு குறிப்பிட்டே கூறினோம். இவை மீண்டும் மாறக்கூடும் என்பதே இங்கே அறியவேண்டிய பாடம். நுழையும் நாளில் இருந்த சட்டம் வெளியேறும் நாளிலும் இருக்கும் என்று எந்த அரசும் உறுதி தந்ததில்லை. நான்காண்டுப் படிப்புக்குச் செல்பவர் இதனை இருமடங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது கேள்வி, பட்டத்தின் செல்லுபடி. பெரும்பாலான கலை, அறிவியல் பட்டங்களுக்கு இதில் பெரிய தடையில்லை. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை ஏற்பதற்கு 2022 ஜூலையில் இரு அரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை போன்ற தொழிற்பட்டங்கள் அவ்வுடன்பாட்டில் சேரவில்லை. அயல்நாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்கும் விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்டது. இந்திய அரசுப் பணிக்கோ ஆசிரியப் பணிக்கோ வர எண்ணுவோர் இவ்விதிகளைப் புறப்படுமுன்பே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

மருத்துவக் கல்வியைப் பற்றித் தனியே ஒரு சொல். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, அயல்நாட்டில் மருத்துவம் பயில்வோரின் படிப்பு ஆங்கிலத்தில் 54 மாதங்களுக்குக் குறையாமல் நடைபெற்றிருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் பன்னிரண்டு மாத மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். படித்த நாட்டில் அந்நாட்டவரைப் போலவே தொழில் செய்யும் உரிமையும் அப்பட்டத்தால் கிடைக்க வேண்டும். பின்னர் இங்கே தகுதித் தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் பெற்றாலன்றிப் பதிவு இல்லை. புறப்படுமுன் நீட் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆறாண்டு உழைப்பு வீணாகும். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, பல்லாயிரம் இந்திய மருத்துவ மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினர். அவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று அவ்வாண்டே மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. கட்டணம் குறைவு என்ற ஒன்றையே கண்டு நாட்டைத் தேர்ந்தவர்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. போரை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. பட்டத்தின் செல்லுபடியை அறிய இயலும்.

இனி, பிற மாநிலங்களில் வாழும் நமக்கே உரிய இரு செய்திகள். முதலாவது, உதவித் தொகை பற்றியது. மாநில அரசுகள் வழங்கும் அயல்நாட்டுக் கல்வி உதவிக்குப் பொதுவாக இருப்பிடச் சான்று கேட்கப்படும். தமிழகத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறையான குடும்பங்கள், தமிழகத்தின் திட்டத்திற்கும் உரியவராகாமல், வாழும் மாநிலத்தின் சான்றையும் பெறாமல், இரண்டையும் இழப்பதுண்டு. இச்சான்றுகளைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும். மாநில எல்லை பாராத உதவிகளும் உள்ளன. தாழ்த்தப்பட்டோர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோர்க்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் 1954 முதல் நடைபெற்று வருவது. 1892-இல் தொடங்கிய ஜே. என். டாட்டா அறக்கட்டளை கடனுதவி வழங்குகிறது. ஃபுல்பிரைட்-நேரு, காமன்வெல்த், செவனிங், ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. ஆகியவற்றையும் நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். இவற்றுள் ஃபுல்பிரைட்டும் செவனிங்கும் பெறுவோர் படிப்பு முடிந்தபின் தாயகம் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. கொடுப்பவர் முழுச் செலவையும் ஏற்கும்போது அந்நிபந்தனை பாரமன்று.

இரண்டாவது, மொழி. வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியோ வங்காளியோ இந்தியோ, பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த நம் பிள்ளைகள், புதிய மொழி கண்டு அஞ்சவேண்டியவர்கள் அல்லர். நம் பெரியோர் புதிய ஊரில் கடைக்காரரிடமும் அலுவலகத்திலும் பேசிப் பேசியே மொழியைக் கற்றனர். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளை ஆங்கிலம் வழங்கவில்லை என்ற காரணத்திற்காக மட்டும் தள்ளிவிடுதல் நமக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் படிப்பு நடந்தாலும், அந்நாட்டு மொழி அறியாதவர்க்கு அங்கே வேலை கிடைப்பது அரிது என்பதையும் மறத்தலாகாது. புறப்படுமுன் ஓராண்டு மொழிப்பயிற்சி பெறுவது நற்செலவே.

இடைத்தரகர்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஆலோசனை இலவசம் என்று கூறும் முகவர் பலர்க்கு, மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிலையமே தரகு அளிக்கிறது. எனவே, எந்தக் கல்லூரி தரகு தருகிறதோ அதனையே அவர் புகழக்கூடும். போலிச் சேர்க்கைக் கடிதங்களைத் தந்து முகவரால் ஏமாற்றப்பட்ட இந்திய மாணவர் பலர், கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் அபாயத்திற்கு உள்ளானது 2023-இல் வெளிவந்தது. சேர்க்கைக் கடிதம் மெய்யா என்று பல்கலைக்கழகத்திற்கே நேரில் எழுதிக் கேட்பதும், விசா விதிகளை அந்நாட்டு அரசின் அறிவிப்பிலேயே படிப்பதும் பெற்றோரின் கடமை.

இவையனைத்தையும் ஒரே வினாவில் அடக்கிவிடலாம். படிப்பு முடிந்த மறுநாளே தாயகம் திரும்ப நேர்ந்தால், அந்தப் பட்டம் இங்கே செல்லுமா, அந்தக் கடன் இங்கே பெறும் சம்பளத்தில் அடையுமா? இதற்கு ஆம் என்று விடை கூறக்கூடிய நாடுகளை மட்டும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அவற்றுள் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ விருப்பமான பாடம் எங்கே நன்கு கற்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். அங்கே வேலை கிடைத்தால் அது மேல்வரும்படி. கிடைக்காவிடினும் குடும்பம் நிலைகுலையாது. மாமா இருக்கும் ஊரும் அடுத்த வீட்டுப் பையன் சென்ற ஊரும் அப்பட்டியலில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சொந்த ஊரைவிட்டு வெளியேறி வாழ்வதன் அருமையையும் சிரமத்தையும் நாம் அறிந்தவர்கள். புறப்பட்டவர் எல்லோரும் நிலைத்துவிடவில்லை என்பதையும் அறிவோம். நம் பிள்ளைகள் இன்னும் தொலைவு செல்லட்டும். திரும்பும் வழி திறந்திருக்குமாறு செல்லட்டும்.